சுவரில் ஒட்டிய மூச்சு

போன மாதம் கூரியரில் எனக்கு ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே கட்டம் கட்டமாக அச்சடித்த தாள்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், வயது, உயரம், எடை, என்ன வேலை, எந்தப் பக்கம், அதற்குப் பின்னால் மூச்சளவுகள். பெயர் எங்கும் இல்லை. அனுப்பியவர் நிவேதா. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நுரையீரல் ஆராய்ச்சித் திட்டத்தை இப்போது கவனித்துக்கொள்ளும் பெண். முந்தின நாளே போன் செய்திருந்தார்.

"சார், நம்ம டேட்டா முழுசையும் பொதுவுல வைக்கப் போறோம். எந்த ஊர் ஆராய்ச்சியாளர் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். பேரு, அட்ரஸ் எல்லாம் எடுத்தாச்சு. மிச்சத்தை வச்சு யாராவது ஆளைக் கண்டுபிடிச்சிட முடியுமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"கம்ப்யூட்டர்ல பார்க்க முடியாதாம்மா?"

"பார்த்தாச்சு சார். கம்ப்யூட்டருக்கு நெய்வேலியத் தெரியாதே."

புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் படிக்க அந்தக் காலத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்துப்பிழை வருமே என்றேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. பெண், முந்திரி உடைக்கும் வேலை, குள்ளஞ்சாவடி பக்கம், முயற்சி எட்டு. மூச்சளக்கும் குழாயை வாயில் வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். எட்டாவது தடவையில்தான் ஒழுங்காக ஊதினார். நாலு வரி தள்ளி ஒரு கறிக்கடை பாய். ஒவ்வொரு தடவையும் பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். மந்தாரக்குப்பத்தில் நான் இருக்கும் மாடி வீட்டுக்குப் பால் போடுகிறவரைத் தவிர யாரும் படி ஏறி வருவதில்லை. அன்று மதியம் இத்தனை பேர் வந்தார்கள். பெயரில்லாமல் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள்.

பதினோராம் பக்கத்தில் கலியமூர்த்தி இருந்தார்.

அது அவருடைய பெயர் இல்லை. அவர் ஊரை முத்தாண்டிக்குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் அவரை எந்த அடையாளத்தால் கண்டுபிடித்தார்களோ அதையும் மாற்றிவிட்டேன். இங்கே அவருடைய உயரம் என்று எழுதுகிறேன். உண்மையில் அது வேறு. மேலே சொன்ன இரண்டு பேரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று தோன்றினால், முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். அப்பாவுக்கு உடம்பு விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். ஜெராக்ஸ் எடுத்த தாள்களை மூன்று தடவை எண்ணுவேன். ஒருநாள் ஒரு டாக்டரம்மா கட்டுக் கட்டாகப் படிவங்கள் கொண்டுவந்தார். அதில் இரண்டு பக்கம் ஒரே எண்ணோடு இருப்பதைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து, "எங்ககூட வேலைக்கு வரீங்களா?" என்றார். கடைக்காரர், "மேடம், இவன் ஒரு தாளை எடுக்கறதுக்குள்ள கஸ்டமர் கடலூரே போய் வந்துடுவான்" என்றார். "எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றார் மேடம். பத்து நாள் பயிற்சி. அவ்வளவுதான் என் படிப்பு.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, பஸ் போகும் சாலையில், ஒரே ஓர் அறை. வாசலில் பெஞ்சு. வருகிறவர்களின் மூச்சை அளந்து குறித்து வைப்பது வேலை. குவார்ட்டர்ஸ்காரர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள், லாரி ஓட்டுகிறவர்கள், முந்திரி உடைக்கும் பெண்கள் என்று எல்லோரும் வந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்கள் திரும்ப வர வேண்டும்.

காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மெஷினையே சோதிக்க வேண்டும். சரியாக மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று உண்டு. அதை மெஷினில் செருகித் தள்ளினால் மூன்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்று யாரையும் ஊதச் சொல்லக் கூடாது. பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம். உட்கார வைத்து, மூக்குக்கு கிளிப் மாட்டி, உதடு பிரியாமல் குழாயைக் கவ்வச் சொல்வேன். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சாக விட வேண்டும். விட்டபிறகும் நிறுத்தக் கூடாது. ஆறு விநாடியாவது ஊதல் நீள வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் இருக்கும். அதை வெளியே கொண்டுவருவது என் குரல். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு, ஊதுங்க." வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவன் அந்த அறையில் மட்டும் கத்துவேன். ஊரில் எனக்கு 'ஊது சார்' என்று பெயர் வந்துவிட்டது. மார்க்கெட்டில் நடந்தால், "டேய், ஊது சார் வராரு, மூச்ச இழுத்துப் புடிச்சிக்கோ" என்பார்கள்.

ஒன்றுபோல மூன்று ஊதல் கிடைத்தால்தான் கணக்கு. மெஷின் அதைக் கோடாக வரைந்து ஒரு வழுவழுத் தாளில் தள்ளும். இந்த ஊர் வெயிலுக்கு அந்தத் தாள் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். அதனால் அன்றன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டுவேன்.

மேடம் வியாழக்கிழமைகளில் வருவார். வெந்நீர் மட்டும் குடிப்பார். எல்லோரையும், பெஞ்சில் இருக்கும் கூலியாளையும், 'நீங்க' என்பார். ரெஜிஸ்டரைத் திறந்து பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். நான் மூச்சை விடாமல் நிற்பேன். ஒரு தடவை தப்பாக எழுதியதை ரப்பரால் அழித்திருந்தேன். பென்சில் அங்கே நின்றது.

"இங்க என்ன இருந்தது?"

"தப்பா எழுதிட்டேங்க, மேடம்."

"அது தெரியுது. என்ன தப்புன்னு தெரியலையே. குறுக்கே ஒரே ஒரு கோடு போடுங்க. கீழே இருக்கறது படிக்க முடியணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போடுங்க. தப்பு பண்ணலாம், மறைக்கக் கூடாது."

சேர்ந்த முதல் நாளே அவர் சொன்ன இன்னொன்று, "இங்க பார்க்கறதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது." அதை நான் பிடித்துக்கொண்டேன். எங்கே வாய் தவறிவிடுமோ என்று டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். கோயிலில் பூசை முடிந்ததும் யாரோடும் நிற்காமல் கிளம்பிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துப் பேசும்போது அவருடைய அளவு எனக்கு நினைவு வரும். அந்த எண் என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று குனிந்துகொள்வேன். என் மனைவி ஆரோக்கியமேரி இருந்தபோது, "ஊரு மூச்செல்லாம் ஒன் பையில கெடக்குது. வூட்ல பேச்சு மூச்சக் காணோம்" என்பாள். பிள்ளைகள் இல்லை. அவள் போனபிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

கலியமூர்த்திக்கு வருகிறேன். ஒரு தனியார் லோடிங் யார்டில், ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. ஆறடி இரண்டு அங்குலம். அறைக் கதவில் குனிந்துதான் வருவார். முதல் ஊதலே சுத்தமாக வந்தது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று வைத்ததுபோல விழுந்தன. ஆனால் கோடு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு அப்படித்தான் விழும். "எப்படி சார், பாஸா?" என்றார். கடிதம் வரும் என்றேன். குறை இருக்கிறவர்களுக்கு மேடம் கையெழுத்திட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கடிதம் கொடுப்பார். கலியமூர்த்தியின் கடிதத்தை எழுதிக் கோப்பில் வைத்தேன். அந்த வியாழக்கிழமை மேடம் வரவில்லை. வெளியூரில் கூட்டம்.

போகும் வழியில் அவசரமாக எட்டிப் பார்த்தவர், கடிதங்களில் கையெழுத்திட நேரமில்லாமல் ரெஜிஸ்டரை மட்டும் புரட்டி, என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். "ஊதினவங்களுக்குத் தெரியாம நம்ம பேப்பர்ல மட்டும் போட்டுக்கறது நியாயமில்லை. என்ன கண்டுபிடிச்சோம்னு அவங்களுக்கும் காட்டணும். இந்த ரெண்டு கோட்டையும் பெரிசா போட்டுத் தமிழ்ல எழுதி வைங்க. நான் வந்து பார்த்துட்டு ஒட்டலாம்." ஒன்று நல்ல நுரையீரலின் கோடு. மற்றது கலியமூர்த்தியின் கோடு. அதற்குக் கீழே, 'ஒரு ஆண், நடு வயது' என்று மட்டும் மேடம் எழுதியிருந்தார்.

சார்ட் பேப்பரில் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். அழகாக வந்தது. ஆனால் 'ஒரு ஆண்' என்று எழுதினால் எவன் நம்புவான் என்று பயம் பிடித்துக்கொண்டது. சும்மா வரைந்ததாக நினைப்பார்களே. ரெஜிஸ்டரைப் பார்த்து, 'வயது 43, உயரம் ஆறடி இரண்டு அங்குலம், லோடிங் வேலை' என்று சேர்த்தேன். பெயரை எழுதவில்லை. எனக்கு அடையாளம் என்றால் பெயர்தான். பெஞ்சுக்கு மேலே சுவரில் நாலு குண்டூசி குத்தி மாட்டினேன். மேடம் வருகிறவரை பொறுக்கவில்லை. வந்ததும் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று ஆசை.

மறுநாள் உள்ளே இருந்தேன். வெளியே பெஞ்சில் மூன்று பேர்.

"டேய், நாப்பத்தி மூணு, ஆறடி ரெண்டு. எவன்டா இது?"

"லோடிங்குன்னு போட்டிருக்கு பாரு. நம்ம நெட்டக் கலியன்டா."

"அட ஆமா. நெஞ்சுல ஓட்ட வுழுந்தவனா நம்மகூட மூட்ட தூக்கிகினு இருக்கான்."

சிரித்தார்கள். ஓட்டை என்று யார் சொன்னது என்று கேட்கக் கூட நான் வெளியே வரவில்லை. அவர்கள் போனபிறகு அந்த வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். அதற்குள் முடிந்துவிட்டது. இது பெரிய நகரம் இல்லை. வயதும் வேலையும் உயரமும் சொன்னால் இங்கே பெயர் தேவையில்லை. அது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கலியமூர்த்தி வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியிலேயே குனிந்து நின்றார்.

"சார், நாளையிலேருந்து வர வேணாம்னுட்டாரு கான்ட்ராக்டரு. நெஞ்சு சரியில்லாத ஆளு யார்டுல வுழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றதுன்றாரு." சுவரைக் காட்டினார். "அந்தப் படத்துல கீற கோடு என்னுதுங்களா?"

கோப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குள் அவர் கடிதம்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"என்னுதா இல்லியான்னு என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ரூல்ஸுங்க."

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரருகே போய், நான் ஒட்டிய வெள்ளைத்தாளைப் பிரித்துப் படித்தார். பிறகு குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அவர் வந்து கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"என்ன சொன்னீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னேங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. "மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது, பாக்கியநாதன். அவரோட நம்பர் அவருது. அவர் கேட்டா அவருக்குச் சொல்லணும். நீங்க மாத்திப் பண்ணிட்டீங்க. ஊருக்குச் சொல்லிட்டு, அவருக்குச் சொல்லாம விட்டுட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றே கான்ட்ராக்டரிடம் போனோம். "உக்காருங்க மேடம், கூல் டிரிங்ஸ் சாப்புடுங்க. நான் யாரையும் நிறுத்தலீங்களே. வேலை கம்மி, அவ்ளோதான்" என்றார். கலியமூர்த்தி வீட்டுக்குப் போனோம். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றப் போயிருந்தார். மேடம் கடிதத்தை அவர் மனைவியிடம் கொடுத்து விளக்கினார். நான் ஜீப்பிலேயே இருந்தேன். அடுத்த வருஷம் அவர் ஊத வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவர் தலை கூட்டத்துக்கு மேலே தெரிந்தது. நான் பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

மேடம் இப்போது இல்லை. கலியமூர்த்தி கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

நிவேதாவுக்குப் போன் செய்தேன். "பதினோராம் பக்கத்துல ஒருத்தரைக் கண்டுபிடிச்சிடலாம்மா. உயரம்." அவர் வழி சொன்னார். உயரத்தை அப்படியே போடாமல் 'இவ்வளவுக்கு மேல்' என்று பொதுவாகப் போடலாம். அல்லது வரியையே எடுத்துவிடலாம். "சுத்தமான ரெக்கார்ட் சார், இருந்தா நல்லது. ஆனா அவர் என்ன சொல்றாரோ அதுதான்." கேட்கப் போகிறவன் நான்தான் என்பதை இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு தடவை பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை ஏறினேன்.

வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தும் உயரம். தலை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஊது சாரா? வாங்க. இன்னும் உசுரோடதான் கீறீங்களா?" என்றார். இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளினார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அந்தக் கோடு உங்களுதுதாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உசரத்த எழுதி மாட்டுனதும் நான்தான். மேடம் எழுதல."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னுதுன்னு எனக்குத் தெரியாதா சார்? ஊரே சொல்லிச்சே. நீங்க மட்டும்தான் சொல்லல. அதான் வெசனமா இருந்துது."

உட்கார்ந்தேன். தாளைக் காட்டி, பொதுவில் வைக்கப் போவதைச் சொன்னேன். எங்கோ இருக்கும் டாக்டர்கள் இதைப் படித்து மூச்சு நோய்க்கு வழி தேடுவார்கள் என்றேன்.

"என் கோடு நல்லா வந்துச்சுன்னு சொல்றீங்க."

"எங்க ரெஜிஸ்டர்லயே அது மாதிரி வேற இல்லீங்க. உசரத்த சரியா போடாம, இதுக்கு மேலன்னு போட்டுடலாம்."

"மேலன்னு போட்டா மட்டும் இங்க எத்தினி பேரு சார் மேல?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரமானது. "என் பையன் இப்போ கான்ட்ராக்ட்ல போய்கினு இருக்கான். என்னைவிட ரெண்டு விரக்கட உசரம். நாளைக்கு எவனாவது போன்ல இதப் பாத்துட்டு, அப்பன் நெஞ்சு இப்பிடி, புள்ள நெஞ்சும் அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னா? நான் பட்டது போதும். எடுத்துடச் சொல்லுங்க."

"சரிங்க."

"கோச்சிக்காதீங்க."

"உங்களுதுங்க அது. நீங்க சொல்றதுதான்."

கிளம்பும்போது கூப்பிட்டார். "இப்போ ஊதுனா எவ்ளோ வரும் சார்?"

"மெஷின் இல்லாம சொல்ல முடியாதுங்க."

"சும்மா ஊதறேன். நீங்க அந்த மாதிரி சொல்லுங்க."

மூக்கைத் தானே விரலால் பிடித்துக்கொண்டார். இழுத்து ஊதினார். எனக்குக் குரல் வந்துவிட்டது. "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு, ஊதுங்க." எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். மூச்சு மெல்லிய விசிலாக வெகு நேரம் வந்துகொண்டிருந்தது. அளவுக்கு மேல் வெகு நேரம் வருவது நல்லதல்ல, மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

"எப்படி, பாஸா?"

"கொறஞ்சிருக்குங்க" என்றேன். "இந்த வாரமே டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

"பாக்கறேன்" என்றார். நிவேதா என்னை எழுதச் சொன்னதையும் சொன்னேன். என்னைப் பற்றி எழுதினாலும் நானென்று தெரியாமல் எழுதுங்கள் என்றார். எழுதியதும் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். "உசரம்னு மாத்தினது நல்லா கீது" என்றார்.

அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து விளக்கைப் போட்டேன். பதினோராம் பக்கத்தை எடுத்து அவர் வரியின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருக்கும் எண்களைப் படிக்க முடிந்தது. பக்கத்தில், 'அவர் வேண்டாம் என்றார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். பென்சிலை வைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம், மூச்சை விடாமல், மேசை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.